தவக்காலத்துக்கு முன்: எளிமை, தாழ்ச்சி பற்றி எங்கள் பங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். பொங்கல் முடிந்து, ஈஸ்டருக்கு முந்தின 40 நாள் நோன்புக் காலமான தவக்காலம் நெருங்க நெருங்க, ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோயில் வாசலிலும் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டங்களிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை செய்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்றவர்கள் எனப் பலரும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். சட்டம் சம்பந்தப்பட்ட இடத்தில் திருச்சபைச் சட்டத்தையும், மற்ற இடங்களில் தவக்காலத்தில் நம் கோயிலில் வாசிக்கப்படும் விவிலியப் பகுதிகளையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

தவக்காலம் எப்ப ஆரம்பிக்குது டீச்சர்? ஏன் வருஷா வருஷம் தேதி மாறுது?

சாம்பல் புதன் அன்று தொடங்குகிறது. உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்), மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. அதிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் சாம்பல் புதன். முழுநிலவைப் பொறுத்தது என்பதால் தேதி நகர்கிறது: 2026-இல் பிப்ரவரி 18, 2027-இல் பிப்ரவரி 10, 2028-இல் மார்ச் 1.

46 நாளை ஏன் 40 என்கிறோம் என்றும் கேட்பார்கள். இடையில் வரும் 6 ஞாயிறுகளை நோன்பு நாளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. எந்த ஞாயிறும் ஆண்டவர் உயிர்த்த நாள்.

ஒருசந்தி, சுத்தபோசனம்னு எங்க பாட்டி சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?

வேறு வேறு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி சாப்பிடாமல் இருப்பது. ஒருசந்தி என்றால் நாளில் ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வகுத்த ஒழுங்கின்படி, காலையிலும் மாலையிலும் கொஞ்சம் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று இப்போது சட்டம் எதுவும் கிடையாது.

கட்டாயமான நாட்கள் குறைவுதான். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டும் உள்ள நாட்கள். மற்ற வெள்ளிக்கிழமைகள் சுத்தபோசன நாட்கள். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 வயது நிறைந்தது முதல் 60-ஆம் வயது தொடங்கும் வரை. இவற்றைத் தங்கள் நாட்டுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ள ஆயர் பேரவைகளுக்குத் திருச்சபைச் சட்டத்தின் 1253-ஆம் விதி இடம் தருகிறது. அதனால் உங்கள் பங்கில் வாசிக்கப்படும் அறிவிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள். பெரிய வெள்ளி நோன்பை முடிந்தால் பெரிய சனிக்கும் நீட்டலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் பரிந்துரைக்கிறது.

நம் குடும்பங்களில் பலர் 40 நாளும் கறி சாப்பிடுவதில்லை. அது சட்டம் கேட்பதற்கும் மேலே நாமாகச் செய்வது. நல்ல வழக்கம். செய்யாதவர்களைக் குறைத்துப் பேச மட்டும் அது நமக்கு உரிமை தராது.

வெள்ளிக்கிழமை மீன், முட்டை சாப்பிடலாம்தானே?

சாப்பிடலாம். மீன், முட்டை, பால், தயிர் எதையும் சட்டம் தடுக்கவில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வியாழக்கிழமை கோழிக்குழம்பு வைத்த வீட்டில், வெள்ளிக்கிழமை அதைவிட இரண்டு மடங்கு விலை கொடுத்து வஞ்சிரம் வாங்கினால் சட்டம் மீறப்படவில்லை, எளிமையும் வரவில்லை. மேட்டூர் மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் அதை வாங்கிக் குழம்பு வைப்பது வேறு விஷயம். எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு எவ்வளவு ஆடம்பரமாகச் சாப்பிடுகிறோம் என்பதையும் பாருங்கள்.

எனக்கு சுகர். மாத்திரை போட்டா உடனே சாப்பிடணும். ஒருசந்தி இருக்கலைன்னா பாவமா?

பாவம் இல்லை. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கடும் உடலுழைப்புச் செய்பவர்கள் ஆகியோரை நோன்பு கட்டுப்படுத்தாது என்பது திருச்சபையில் நெடுநாளாக உள்ள நடைமுறை. சந்தேகம் இருந்தால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். தனிப்பட்ட ஒருவருக்கு விதிவிலக்குக் கொடுக்கவும், நோன்புக்குப் பதிலாக வேறு பக்திச் செயலைச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

மருத்துவர் சொன்னதை மீறி நோன்பிருந்து மயங்கி விழுந்து, வீட்டாரை ஆஸ்பத்திரிக்கு ஓடவைப்பதை யாரும் தவம் என்று நினைக்க வேண்டாம். "என்னால் முடியாது" என்று ஒப்புக்கொள்வதே சிலருக்குப் பெரிய தாழ்ச்சி.

நெத்தியில சாம்பலோட ஆபீஸ் போனா எல்லாரும் கேக்கறாங்க. அழிச்சிடலாமா? நோன்பு இருக்கிறது வெளிய தெரியக் கூடாதுன்னு பைபிள்லயே இருக்குதே?

நல்ல கேள்வி. அந்த வாசகம் சாம்பல் புதன் திருப்பலியிலேயே வாசிக்கப்படுகிறது: மத்தேயு 6-ஆம் அதிகாரம். நோன்பிருக்கும்போது முகவாட்டமாக இருக்காதீர்கள், தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவுங்கள் என்கிறார் இயேசு. அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வரிசையில் போய் நெற்றியில் சாம்பல் வாங்குகிறோம். முரண்பாடு போலத் தெரியும். ஆனால் சாம்பல் "நான் நோன்பிருக்கிறேன்" என்று சொல்லும் அடையாளம் கிடையாது. "நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று நமக்குச் சொல்லப்பட்டதன் அடையாளம். அதைச் சொல்லிக் கொள்வதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

வைத்திருக்கலாம், கழுவிவிடலாம், இரண்டுக்கும் சட்டம் கிடையாது. கழுவத் தோன்றுவது கூச்சத்தாலா, விட்டுவைக்கத் தோன்றுவது பிறர் பார்க்கவா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நம் ஊரில் நெற்றியில் திருநீறு பார்க்காத ஆள் கிடையாது. பக்கத்து மேஜைக்காரர் "நீங்களும் விபூதி வைப்பீங்களா?" என்று ஆசையாகக் கேட்பார். போன ஆண்டு குருத்தோலையை எரித்த சாம்பல் என்று சொல்லுங்கள், மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொள்வார். பழைய ஓலைகள் உங்கள் வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் இன்னும் செருகியிருந்தால் முந்தின ஞாயிறே கோயிலில் கொண்டுவந்து கொடுங்கள்.

தவக்காலத்துக்கு முந்தின வாரம் நாம என்னதான் தயார் பண்ணணும்?

முதலில், எதைச் செய்யப் போகிறோம் என்று முடிவெடுக்க வேண்டும். சாம்பல் புதன் காலையில் கோயில் வரிசையில் நின்றுகொண்டு "இந்த வருஷம் எதை விடலாம்" என்று யோசித்தால், எளிதில் வருவது போன வருஷத்துப் பட்டியல்தான். அன்றைய நற்செய்தியே மூன்றைச் சொல்கிறது: ஈகை, செபம், நோன்பு. மூன்றிலும் ஒவ்வொன்று போதும். ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை விட்டால் ஏதோ ஒன்று கோணலாகிவிடும். நோன்பு மட்டும் இருந்து ஈகை இல்லை என்றால் மிச்சமான பணம் நம் பையிலேயே இருக்கும்.

இரண்டாவது, அந்த முடிவை ஒருவரிடம் சொல்ல வேண்டும். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற விதியில் 49-ஆம் அதிகாரம் தவக்காலம் பற்றியது. உணவு, பானம், தூக்கம், பேச்சு, கேலி ஆகியவற்றில் ஒவ்வொருவரும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும் என்கிறார். உடனே, அதைத் தலைவரிடம் சொல்லி அவர் சம்மதத்தோடு செய்ய வேண்டும், சம்மதம் இல்லாமல் செய்வது துணிகரமாகவும் வீண்பெருமையாகவும் எண்ணப்படும் என்று கண்டிப்பாக எழுதுகிறார். நமக்கு மடத்துத் தலைவர் இல்லை. பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் குருவிடம் சொல்லலாம், கணவனோ மனைவியோ ஒருவருக்கொருவர் சொல்லலாம். "இது உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வி ஏன் என்பதை ரெண்டு அடுப்புக் கேள்வியில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, பாவசங்கீர்த்தனம். பெரிய வாரத்துக் கடைசி நேர வரிசைக்குக் காத்திருக்காமல் தொடக்கத்திலேயே செய்துவிட்டால், 40 நாளும் சுமை இறங்கிய மனதோடு நடக்கலாம்.

நான் சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடறத விட்டிருக்கேன். இதெல்லாம் ஒரு தவமாங்க?

கேட்டது ஒரு கல்லூரி மாணவர். தவம்தான், தம்பி. பெரியதை விட்டால்தான் கடவுள் பார்ப்பார் என்று எண்ண வேண்டாம். நண்பர்களோடு கடைக்குப் போய் நின்று, கேரட், பீட்ரூட், சட்னி எல்லாம் கண்ணெதிரே போகும்போது "எனக்கு வேண்டாம்" என்று சொல்வது சின்னக் காரியம் இல்லை. காரணம் கேட்டால் நீட்டி முழக்காமல் ஒரு சிரிப்போடு விட்டுவிடுங்கள்.

அந்தக் காசை அன்றே எடுத்துத் தனியாக வையுங்கள். பங்கில் கொடுக்கும் தவக்கால உண்டியலில் போடலாம். காரித்தாஸ் இந்தியா தவக்காலத்தில் பசி, நோய் ஒழிப்புக்காகத் திரட்டும் காணிக்கையில் சேர்க்கலாம். தனியாக எடுத்து வைக்காத காசு மாதக் கடைசியில் எங்கே போனது என்று தெரியாது.

காபிய விட்டா எனக்கு எரிச்சல் எரிச்சலா வருது. பிள்ளைங்கள கத்திடறேன். தொடரலாமா?

வேண்டாம். ஏற்காட்டு மலையில் காபிச் செடிக்கு நடுவே வளர்ந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். காபி அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிறது. நான்கு டம்ளரை ஒன்றாக்குங்கள், சர்க்கரையைக் குறையுங்கள். அல்லது காபியைக் குடித்துக்கொண்டே கத்தலை விடுங்கள். பெனடிக்ட் பட்டியலில் பேச்சைக் குறைப்பதும் இருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் விட்ட காபிக்கான விலையை உங்கள் பிள்ளைகள் கட்டக்கூடாது.

அவரு நாப்பது நாளும் சுத்த சைவம். பிள்ளைங்களுக்கும் மாமாவுக்கும் கறி வேணும். ரெண்டு அடுப்பு, ரெண்டு பாத்திரம், ரெண்டு சமையல். தவம் அவருக்கா எனக்கா டீச்சர்?

இந்தக் கேள்வியைப் பல பெண்கள் கேட்டிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்தி, மற்றவர்கள் போன பிறகு கேட்பார்கள். குறை சொல்கிறோமோ என்ற பயம். அம்மா, நீங்கள் கேட்பதை எசாயா இறைவாக்கினர் எப்போதோ கேட்டுவிட்டார்.

சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை எசாயா 58-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். "நாங்கள் நோன்பிருந்தோம், நீர் ஏன் பார்க்கவில்லை?" என்று மக்கள் கடவுளைக் கேட்கிறார்கள். நோன்பு நாளிலும் நீங்கள் உங்கள் விருப்பப்படிதான் நடக்கிறீர்கள், உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள் என்று கடவுள் பதில் சொல்கிறார். ஒருவர் பக்தியாக இருக்கிறார், அதன் பாரத்தை அவருக்குக் கீழே உள்ளவர் சுமக்கிறார். கடவுளுக்குப் பிடிக்காதது அதுதான். இந்த வாசகத்தைக் கேட்டுவிட்டு எந்த நோன்பையும் எடை போடலாம்: இதற்காக உழைப்பது யார்?

ஆகவே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தனிச் சமையல் வேண்டும் என்பவர் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளலாம், குறைந்தது பாத்திரமாவது கழுவலாம். வாரத்தில் சில நாட்கள் வீடு முழுவதும் ஒரே சாப்பாடு என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கலாம். "பருப்பும் ரசமும் இருக்கு, அதுவே போதும்" என்று இருப்பதைச் சாப்பிடுவதும் எளிமைதான். நோன்புக்கென்று தனியாகப் பனீர் குருமா கேட்பதில் எளிமை இல்லை. ஆண்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மனைவியிடம் கேட்காமல் தொடங்கிய நோன்பை மனைவியிடம் கேட்டுவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். அதில் மானம் போகாது.

நாங்க எஸ்டேட்ல கூலிக்குப் போறோம். கறியே எப்பவோ ஒரு நாள்தான். எங்ககிட்ட விடறதுக்கு என்னங்க இருக்குது?

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லக்கூடாது. பசியோடு இருப்பவரிடம் இன்னும் பசியோடு இருக்கும்படி திருச்சபை கேட்பதில்லை. மிளகு பறிக்க நாள் முழுதும் ஏணியில் நிற்பவர், சுமை தூக்குபவர் எல்லாரும் முன்னால் சொன்ன விதிவிலக்கில் வருகிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு வேலைக்குப் போங்கள்.

ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போட்ட நிகழ்ச்சியைச் சொல்லி, "ஏழைகளும் கொடுக்க வேண்டும்" என்று சிலர் பிரசங்கம் செய்கிறார்கள். மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் அதற்கு நேர் முந்தின வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்கிறவர்களை இயேசு அங்கே கடுமையாகக் கண்டிக்கிறார். அதைச் சொன்ன பிறகே அந்தப் பெண் காணிக்கைப் பெட்டிக்கு அருகில் வருகிறாள். அவளிடம் இன்னும் வசூலிக்க வேண்டும் என்று அந்தப் பகுதி சொல்லவில்லை.

உங்களிடம் உள்ளது எது என்று நீங்களே அறிவீர்கள். பக்கத்து லைன் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோன ஒருவர் இருக்கலாம். சாயங்காலம் குடிக்கப் போகும் கணவர் வெள்ளிக்கிழமை மட்டுமாவது நிறுத்தினால் அது அந்த வீட்டுக்கே பெருநாள். இரவு பிள்ளைகளோடு உட்கார்ந்து செபமாலையில் பத்து மணிகளையாவது உருட்டிச் சொல்லலாம். எஸ்டேட் முதலாளிகளும் மேஸ்திரிகளும் இந்தப் பக்கத்தைப் படித்தால், எசாயா 58 அவர்களுக்கும் வாசிக்கப்படுகிறது என்பதை நினைவில் வைக்கட்டும்.

தவக்காலத்துல நகை போடக்கூடாதா? பூ வைக்கக்கூடாதா? கல்யாணம் பேசக்கூடாதா?

சட்டத்தில் இவை எதுவும் கிடையாது. நம் ஊர்ப் பழக்கம். கோயிலிலேயே தவக்காலத்தில் பீடத்தில் பூ வைப்பதில்லை, அல்லேலூயா பாடுவதில்லை, இசைக்கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டும் ஒலிக்கும். பூவுக்கும் இசைக்கருவிகளுக்கும் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விலக்கு; அல்லேலூயாவுக்கு அந்த விலக்கும் இல்லை. கோயில் எளிமையாகும்போது வீடும் எளிமையாகட்டும் என்று நம் பாட்டிமார்கள் நினைத்தார்கள், அழகான நினைப்பு. ஒருத்தி பூ வைத்துக்கொண்டு வந்தால் திரும்பிப் பார்த்து முணுமுணுக்காமல் இருந்தால் அந்த அழகு கெடாமல் இருக்கும்.

எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. நகை வேண்டாம், எளிமையா இருங்கன்னு நீங்க வகுப்புல சொன்னா எங்க பிழைப்பு என்னாகும்?

உங்கள் தொழிலில் குற்றம் எதுவும் இல்லை. சேலத்துக் கொலுசு நாடெங்கும் போகிறது. அதை நம்பி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. கைத்தொழிலை இழிவாகப் பேசும் எளிமை கிறிஸ்தவ எளிமை ஆகாது. நாசரேத்தூர் இயேசுவே தச்சு வேலை செய்தவர்.

பட்டறைக்காரருக்குத் தவக்காலம் வேறிடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வேலை கொடுத்து வாங்கும்போது கூலி சரியாகப் போகிறதா? சேதாரம் என்று அநியாயமாகப் பிடிக்கிறோமா? "வெள்ளி விலை ஏறிடுச்சு, அப்புறம் பாக்கலாம்" என்று வாரக்கணக்கில் இழுக்கிறோமா? பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை நம்பியிருக்கிறான் என்று இணைச்சட்டம் 24-ஆம் அதிகாரம் சொல்கிறது. 40 நாளும் பாக்கி வைக்காமல் சனிக்கிழமைதோறும் கணக்கு முடிக்கும் பட்டறைக்காரர் ஒருவர், கறியை விட்டவரைவிடக் கடினமான நோன்பு இருக்கிறார் என்றே சொல்வேன். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடையில் செய்கூலியை அடிமாட்டு விலைக்குப் பேசிக் குறைத்துவிட்டு, மிச்சத்தை உண்டியலில் போடுவதில் ஈகை ஒன்றும் இல்லை. அது யாரோ ஒரு கைவினைஞரின் காசு.

காவி உடுத்தி, மாலை போட்டு, வேளாங்கண்ணிக்கு நடந்து போகலாமா? அது நம்ம பழக்கமில்லைன்னு சிலர் சொல்றாங்களே?

போகலாம். திருச்சபை இதைக் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. காவி இந்த மண்ணில் கத்தோலிக்கருக்குப் புதிதும் இல்லை. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, நாளுக்கு ஒரு வேளை மரக்கறி உணவு மட்டும் சாப்பிட்டு வாழ்ந்தார். 1623-இல் சேந்தமங்கலம் வழியாக நம் சேலம் வரைக்கும் வந்தார். மக்கள் துறவியை எப்படி அடையாளம் காண்கிறார்களோ அப்படி அவர்களிடையே இருக்க விரும்பினார்.

ஆனால் அவருடைய வாழ்க்கைமுறை உயர்சாதியாரை நெருங்க உதவிய அதே சமயம், ஒடுக்கப்பட்டவர்களிடமிருந்து அவரைத் தள்ளியும் வைத்தது. அதனால்தான் பின்னர் பண்டாரசாமிகள் என்ற வேறு முறையில் குருக்கள் அந்த மக்களிடம் போக வேண்டியதாயிற்று. எளிய உடையும் ஒரு வேலியாக மாறக்கூடும் என்பதற்கு இதைச் சொல்கிறேன். மாலை போட்டவர் "நான் மாலையில இருக்கேன், என்னைத் தொடாதே" என்று யாரையாவது ஒதுக்கினால், வீட்டாரை இல்லாத தூய்மை விதிகளால் வாட்டினால், அவர் கழற்ற வேண்டியது எது என்று தெரியும். நடக்கிறவர்கள் இரவில் சாலை ஓரத்தில் ஒளிரும் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். சித்திரை வெயில் வருமுன்பே சேலத்துச் சாலை கொதிக்கும், தண்ணீர் எடுத்துப் போங்கள்.

முதியோர் இல்லத்துக்கு சாப்பாடு குடுத்தோம். போட்டோ ஸ்டேட்டஸ்ல போட்டா நாலு பேருக்கு ஊக்கமா இருக்கும்தானே?

தருமம் செய்யும்போது தம்பட்டம் அடிக்காதே, வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று அதே மத்தேயு 6 சொல்கிறது. ஊக்கம் தர வேறு வழிகள் இருக்கின்றன: அந்த இல்லத்துக்கு என்ன தேவை என்று குழுவில் எழுதுங்கள், உங்கள் பெயரும் படமும் இல்லாமல். தட்டை நீட்டி நிற்கும் முதியவரின் முகத்தைப் போடுவது அவரிடம் கேட்காமல் அவருடைய ஏழ்மையை ஊருக்குக் காட்டுவது.

கோயிலில் ஒலிபெருக்கியில் காணிக்கைப் பட்டியல் வாசிப்பதையும் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். கணக்கு வெளிப்படையாக இருப்பது அவசியம். மொத்தத் தொகையை வாசித்தால் அது போதும் என்பது என் கருத்து. தவக்காலத்தில் மட்டுமாவது பெயர் வேண்டாம் என்று பங்குப் பேரவையில் கேட்டுப் பாருங்கள்.

தாழ்ச்சின்னா, நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லைன்னு நெனைக்கிறதுதானே?

இல்லை. தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது என்றார் அவிலா புனித தெரேசா. நன்றாகப் பாடுகிறவர் "எனக்குப் பாட வராது" என்று சொன்னால் அது பொய். "கடவுள் கொடுத்தார், பாடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, பாடகர் குழுவில் தனக்குத் தனிப்பாட்டு கிடைக்காத வாரத்திலும் வந்து நிற்பது தாழ்ச்சி.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் நற்செய்தியில் ஒரு வரியைப் பலர் கவனிப்பதில்லை. தந்தை எல்லாவற்றையும் தம் கையில் ஒப்படைத்துள்ளார், தாம் கடவுளிடமிருந்து வந்தவர் என்பதை இயேசு அறிந்திருந்தார். அறிந்து, பந்தியிலிருந்து எழுந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்று யோவான் எழுதுகிறார். தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணியதால் அவர் குனியவில்லை.

அப்படின்னா புருஷன் அடிச்சாலும், மாமியார் வாய்க்கு வந்தபடி பேசினாலும் தவக்காலத் தவம்னு பொறுத்துக்கணுமா?

அடியைப் பொறுத்துக்கொள்வது தவம் அல்ல. யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் நம்பாதீர்கள். பெரிய வெள்ளி அன்று வாசிக்கப்படும் திருப்பாடுகளில், காவலன் ஒருவன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். இயேசு சும்மா இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறென்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். தாழ்ச்சியின் உருவமான அவரே அநியாயத்தை அநியாயம் என்று சொன்னார்.

அடி விழும் வீட்டில் இருப்பவர்கள் நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181; எந்த நேரமும் அழைக்கலாம். சுடுசொல் விஷயம் வீட்டுக்கு வீடு வேறுபடும். சிலவற்றை விட்டுக்கொடுக்கலாம், சிலவற்றைப் பேசித் தீர்க்கலாம். எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுப்பவர் நீங்களாக இருக்க வேண்டும். "தவக்காலம்தானே, பொறுத்துக்கோ" என்று சொல்ல மற்றவருக்கு உரிமை இல்லை.

எனக்கு வயசாயிடுச்சும்மா. நடக்க முடியல, எல்லாத்துக்கும் மருமகள்தான். நான் என்ன தவம் பண்ண?

மீண்டும் பெரிய வியாழனுக்குப் போவோம், ஐயா. பேதுரு தம் காலைக் கழுவ இயேசுவை விடமாட்டேன் என்றார். கழுவ விட வேண்டியதாயிற்று. பிறரிடம் உதவி வாங்கிக்கொள்வதும் கழுவுவதைப் போலவே கடினம், வாழ்நாள் முழுதும் கொடுத்தே பழகியவர்களுக்கு இன்னும் கடினம். மருமகள் சாப்பாடு கொண்டுவரும்போது "உப்பு குறைவு" என்பதற்கு முன் "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்கு வர முடியாவிட்டால் கட்டிலில் இருந்தே சொல்லுங்கள். பங்கில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

பையனுக்கு நீட் சீட் கிடைக்கணும்னு நாப்பது நாள் கடுமையா ஒருசந்தி இருக்கேன். கண்டிப்பா கிடைக்கும்தானே?

பையனுக்காக வேண்டுங்கள், கண்ணீர் விட்டே வேண்டுங்கள். தாய் தகப்பன் பிள்ளைக்காக நோன்பிருப்பதைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால் "நான் இவ்வளவு செய்தேன், நீர் இதைத் தர வேண்டும்" என்றால் அது கொடுக்கல் வாங்கல் ஆகிவிடுகிறது. லூக்கா 18-இல் வரும் பரிசேயர் வாரத்தில் இருமுறை நோன்பிருந்தவர், பத்தில் ஒரு பங்கு கொடுத்தவர். அதையெல்லாம் கடவுள் முன் கணக்கு ஒப்பித்தார். தூரத்தில் நின்று "பாவியாகிய என்மேல் இரங்கியருளும்" என்ற வரிதண்டுபவரே ஏற்புடையவராக வீடு திரும்பினார்.

இன்னொன்று. உங்கள் நோன்பு பையனுக்குத் தெரியுமென்றால், சீட் கிடைக்காவிட்டால் "அம்மா அவ்வளவு பட்டினி கிடந்தும் நான்…" என்று அவன் மனம் உடைவான். அந்தப் பாரத்தை அவன் தோளில் வைக்காதீர்கள்.

ரெண்டாவது வாரத்துலயே தவறிட்டேன். கல்யாண வீட்ல பிரியாணி. இனிமே என்னத்துக்குன்னு விட்டுடலாமா?

விட வேண்டாம். நீங்களாக எடுத்துக்கொண்ட முடிவு தவறினால் பாவம் இல்லை; மறுநாள் தொடருங்கள். சட்டப்படியான வெள்ளிக்கிழமையை வேண்டுமென்றே மீறியிருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள். தவறியதும் வரும் அந்த எரிச்சல், "நானா இப்படி!" என்ற ஏமாற்றம், பெரும்பாலும் அடிபட்ட பெருமைதான். எடுத்த முடிவு உங்கள் சக்திக்கு மீறியிருந்தால், யாரிடம் முதலில் சொன்னீர்களோ அவரிடமே போய்க் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் முடிஞ்சதும் பழையபடி எல்லாம் வந்துடுது. அப்புறம் நாப்பது நாள் இருந்து என்ன பிரயோசனம்?

கறியும் பூவும் நகையும் வரட்டும், வரத்தான் வேண்டும். உயிர்ப்புக் காலம் 50 நாள், தவக்காலத்தைவிட நீளம். நோன்பைப் போலவே கொண்டாட்டமும் நம் கடமை. அந்த நாட்களில் மாம்பழமும் இறங்கிவிடும், மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.

திரும்பி வரக்கூடாதவை சில உண்டு. சனிக்கிழமை கணக்கு முடிக்கும் பட்டறை மறுபடி பாக்கி வைக்கத் தொடங்கக் கூடாது. பாத்திரம் கழுவப் பழகிய கணவர் உயிர்ப்பு ஞாயிறன்றே நிறுத்தக் கூடாது. அன்றைக்குத்தான் வீட்டில் பாத்திரம் அதிகம்.